எழுத்தாளர் வளர்ந்த வீட்டைக் காப்பாற்றுவது எப்படி: பத்திரம் முதல் பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மார்ச்சில் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அது அரசு நினைவு இல்லம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துப் போகிற வீடு. டிசம்பர் 11 வந்தால் மாலையும் மேடையும் தவறாத வீடு. அதற்கே இந்த நிலை என்றால், பெயர்ப்பலகைகூட இல்லாமல் நம் ஊர்த் தெருக்களில் நிற்கிற எழுத்தாளர் வீடுகளை என்ன சொல்ல?

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் அப்படி ஒரு வீட்டுக்காக நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சில ஆண்டுகளாக அலைந்து கொண்டிருக்கிறேன். குடும்பத்தில் பேச்சு இன்னும் முடியாததால் ஊர்ப் பெயரையும் எழுத்தாளர் பெயரையும் இங்கே சொல்லவில்லை. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதையும், மற்ற ஊர்களில் நடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கவனிப்பாரற்றுப் போய் விழுந்த வீடுகள் பல. ஆனால் ‘புதுப்பிக்கிறோம்’ என்று சொல்லி இடித்து, கிரானைட் போட்டு, வளைவு கட்டித் தொலைத்த வீடுகளும் உண்டு. நம் வேலை அந்த வீட்டை நிற்க வைப்பது. அதன் இடத்தில் வேறொன்றைக் கட்டுவது அல்ல.

1. எந்த வீடு என்று முதலில் உறுதி செய்யுங்கள்

வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான். நம்மிடையே தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். அதனால் பிறந்த வீடு ஒன்று, வளர்ந்த வீடு வேறு. உ.வே.சா. பிறந்தது தாயார் ஊரான சூரியமூலையில். அவருடைய ஊர் என்று நாம் சொல்வதோ உத்தமதானபுரம். அங்கும் அவர் நிலையாக இருக்கவில்லை. தந்தையார் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போக, பிள்ளைப் பருவமும் கூடவே நகர்ந்தது. கன்னடக் கவிஞர் குவெம்பு கதையும் இதுதான். பிறந்தது தாயார் ஊரான ஹிரேகோடிகெ, வளர்ந்தது தீர்த்தஹள்ளி பக்கம் குப்பளியில். இன்று ‘கவிமனை’ என்று மக்கள் தேடிப்போவது குப்பளி வீட்டைத்தான். அவர் எழுத்தில் வருகிற மலைநாட்டுக் காடும் மழையும் அந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவை என்பதால் அது பொருத்தமும்கூட.

ஆகவே பிறந்த வீடா, வளர்ந்த வீடா, எது அவர் எழுத்துக்குள் வந்தது என்று யோசித்து முடிவெடுங்கள். ஊரில் ஒருவர் கைகாட்டியதை மட்டும் நம்பாதீர்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய கடிதங்களில் உள்ள விலாசம், பிறப்பு இறப்புப் பதிவேடு எல்லாவற்றையும் பாருங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது பழைய கிரயப் பத்திரம். அதில் நான்கு எல்லை எழுதியிருக்கும்: கிழக்கே இன்னார் மனை, தெற்கே பொதுப்பாதை, மேற்கே இன்னார் தொழுவம். பக்கத்து வீடுகளின் பழைய பத்திரங்களையும் வாங்கி எல்லைகளைப் பொருத்திப் பார்த்தபோது, ஊரே சுட்டிக்காட்டிய வீடு தவறு, அதற்கு இரண்டு வீடு தள்ளி இருப்பதே சரியான வீடு என்று தெரிந்தது. கதவு எண் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும், அதை நம்ப வேண்டாம். ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றாவது கையில் இல்லாமல் வாய் திறக்காதீர்கள்.

2. குடும்பத்தோடு பேசுங்கள், மாலையோடு போகாதீர்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாப் படியும் வீண். எழுத்தாளர் நமக்குப் பெரிய பெயர். அந்த வீட்டில் இருப்பவருக்கு அவர் சித்தப்பா, அல்லது மாமனாரின் அண்ணன். பாகம் பிரித்தபோது வந்த மனத்தாங்கல் இன்னும் ஆறாமல் இருக்கலாம். எழுத்தாளர் தன் கதையில் வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதியது ஒருவருக்கு இன்னும் வலிக்கலாம். அந்த வீட்டில் இப்போது யாராவது சமைத்து, துணி காயப்போட்டு வாழ்ந்துகொண்டிருக்கலாம். பத்திரிகைக்காரரையும் பொன்னாடையையும் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றால் கதவு சாத்தப்படும். சாத்துகிறவர்மேல் தப்பில்லை.

முதல் இரண்டு மூன்று தடவை சும்மா போங்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் மூத்த பெண் யார் என்று தெரிந்துகொண்டு அவரிடம் பேசுங்கள். எந்த அறையில் யார் படுத்தார்கள், குதிர் எங்கே இருந்தது, விளக்கு எந்த மாடத்தில் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாங்கள் காப்பாற்ற அலைகிற வீட்டில் அப்படிப் பேசிய ஆச்சி, மூன்றாவது தடவை தானாகவே ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்து வைத்தார். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

வீட்டைக் கொடுங்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். வழிகள் பல உண்டு. கிரயத்துக்கு வாங்கலாம், தானமாகப் பெறலாம், நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கலாம் (ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும்), அல்லது உரிமை குடும்பத்திடமே இருக்க, முன்கட்டை மட்டும் பார்வைக்குத் திறக்க ஒப்புக்கொள்ளச் செய்யலாம். இவை எதுவும் உடனே கைகூடாவிட்டால், குறைந்தது ஒரு எழுத்து வாங்குங்கள்: விற்கிற எண்ணம் வந்தால் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும், ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும் என்று. மைசூரில் யாதவகிரியில் இருக்கும் ஆர்.கே. நாராயண் வீடு கைமாறி, 2011இல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பி வேலை நின்று, மாநகராட்சி அதை வாங்கிச் சீர்செய்து, 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அது அவர் பிற்காலத்தில் கட்டிக்கொண்ட வீடு. ஊரே கூடிப் பேசுகிற பெரிய பெயர், கூடவே ஒரு மாநகராட்சியின் பணம், இரண்டும் இருந்ததால் தப்பியது. உங்கள் ஊர் எழுத்தாளருக்கு இரண்டும் இருக்காது. அதனால் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

3. பத்திரங்கள்

தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று. இந்த ஐந்தும் வரிசையாக வேண்டும். கிராமத்து வீடு என்றால் பெரும்பாலும் நத்தம் நிலமாக இருக்கும், நத்தம் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். வில்லங்கத்தை இணையத்தில் பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கணினியில் ஏறாத பழைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பெண்மக்களின் பங்கை யாரும் மறந்துவிடாதீர்கள். ஊரில் இருக்கும் ஆண்கள் மூவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பார்கள். வெளியூரில் வாக்கப்பட்டுப் போன அத்தையின் பேரன் பத்து வருடம் கழித்து வழக்குப் போட்டால் நினைவில்லம் பூட்டப்படும். சொத்து வழக்குப் பார்க்கிற ஒரு வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் காட்டி, எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

4. யார் பெயரில் நடத்துவது?

தனிமனிதர் பெயரில் வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பொது அறக்கட்டளை அமைக்கலாம், அல்லது 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதியலாம். சங்கத்தில் தேர்தல் உண்டு, அதனால் கோஷ்டியும் வரும். எங்களுக்கு அறக்கட்டளையே சரியாகப் பட்டது. பத்திரத்தில் இரண்டு விதிகளைக் கட்டாயம் எழுதுங்கள். ஒன்று, இந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ அறங்காவலர்களுக்கு அதிகாரம் இல்லை. இரண்டு, அறக்கட்டளை கலைந்தால் வீடு இதே நோக்கமுள்ள இன்னொரு பொது அமைப்புக்கோ நூலகத்துக்கோ போக வேண்டும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கத் தேவையான வருமான வரிப் பதிவுகளை ஆடிட்டர் மூலம் ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். அறங்காவலர்களில் குடும்பத்தில் ஒருவர், ஊர்க்காரர் ஒருவர், கட்டடம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். எல்லாரும் எழுத்தாளர்களாக இருந்தால் கூட்டம் நன்றாக நடக்கும், ஓடு மாற்ற ஆள் இருக்காது.

அரசிடம் ஒப்படைப்பது இன்னொரு வழி. தமிழ்நாட்டில் தலைவர்கள், அறிஞர்களின் நினைவில்லங்களைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை பார்த்துக்கொள்கிறது. காவலாளி, மின்கட்டணம், சம்பளம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் ஓர் ஓடு உடைந்தால் கடிதம் எழுதி, மதிப்பீடு போட்டு, ஒப்பந்தப்புள்ளி கேட்டு முடிவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். ஒப்படைத்தாலும் ஊர்க் குழுவைக் கலைக்காதீர்கள். சட்டப் பாதுகாப்பு வேண்டுமானால் 1966ஆம் ஆண்டு மாநிலத் தொல்லியல் சட்டம் இருக்கிறது. மரபு ஆணையத்துக்கு 2012இலேயே சட்டம் இயற்றினார்கள், நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. சென்னைப் பெருநகருக்குள் என்றால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்க்க முயலலாம். மனுப் போட்டு வையுங்கள். அது வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பணத்துக்கு என்ன செய்வது என்று மலைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். இங்கிலாந்தில் காக்கர்மவுத் என்ற சிற்றூரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பிறந்து வளர்ந்த வீட்டை 1930களில் ஒரு பஸ் கம்பெனி வாங்கி, இடித்துப் பஸ் நிலையம் கட்ட இருந்தது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி அதைத் திரும்ப வாங்கி, 1938இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த வீடும் 1847இல் ஏலத்துக்கு வந்தது. பொதுமக்கள் சந்தாவில்தான் 3,000 பவுண்டுக்கு எடுத்தார்கள். பெரிய தொகை ஒருவரிடம் கேட்பதைவிட, அந்த எழுத்தாளரைப் பாடப்புத்தகத்தில் படித்த ஆயிரம் பேரிடம் ஐநூறு ரூபாய் கேட்பது எளிது. கணக்கை மாதாமாதம் வெளியிட்டால் அடுத்த முறையும் கொடுப்பார்கள்.

5. முதல் மழைக்கு முன் முதலுதவி

பத்திரம் முடிய இரண்டு வருடம் ஆகலாம். வடகிழக்குப் பருவமழை காத்திருக்காது. குடும்பத்தின் சம்மதம் கிடைத்த உடனேயே செய்ய வேண்டியவை இவை. செலவும் அதிகமில்லை.

முதலில் தண்ணீர். ஓட்டுக்கூரை என்றால் சரிந்த ஓடுகளைத் தள்ளி அடுக்கி, உடைந்ததை மாற்றி, முடியாத இடத்தில் தார்ப்பாய் கட்டுங்கள். தார்ப்பாயைக் காற்றுப் புகுகிற மாதிரி சற்று உயர்த்திக் கட்ட வேண்டும். அப்படியே போர்த்தினால் உள்ளே புழுங்கி மரம் கெடும். மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பதித்த பழைய மாடித்தளம்) என்றால் மாடிக்குப் போய்த் தூம்பு வாயில் அடைத்திருக்கும் சருகையும் மண்ணையும் அள்ளுங்கள். பழைய தளங்கள் பலவும் ஒரு கைப்பிடிச் சருகால் போனவைதான். தண்ணீர் தேங்கும், சுண்ணாம்புத் தளம் ஊறும், கட்டைகள் உளுக்கும்.

கட்டைகளைச் சோதிக்க ஒரு குத்தூசி போதும். தேக்கு உத்தரமும் கட்டையும் நடுவில் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்த நுனி. ஏணி வைத்து ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். கட்டைவிரல் நீளம் சிரமமில்லாமல் இறங்கினால் அன்றே அதற்கு அடியில் முட்டு கொடுங்கள். தட்டினால் ‘டங்’ என்று வர வேண்டும். ‘பொத்’ என்று வந்தால் உள்ளே கரையான் வேலையை முடித்துவிட்டது.

சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேரோடு சுவரும் வரும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தடவி, செத்து உலர்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். பழைய மின்கம்பிகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தற்காலிகமாக வெளியிலிருந்து ஒரு இணைப்பு எடுங்கள். பழைய மரவீட்டுக்குத் தீயைவிடப் பெரிய எதிரி இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் வீட்டை ஒட்டியிருந்த வீடுகளை 19ஆம் நூற்றாண்டில் வாங்கி இடித்தே விட்டார்கள், பக்கத்தில் பிடித்த தீ பரவிவிடும் என்று பயந்து. நாம் இடிக்க வேண்டாம், சுவரை ஒட்டி அடுக்கிய வைக்கோல் படப்பையாவது நகர்த்தலாம்.

6. தொடும் முன் பதிவு செய்யுங்கள்

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு வாசல்நிலைதான் கண்முன் வருகிறது. நடுக்கதவின் நிலையில் பென்சிலால் போட்ட கோடுகள் இருந்தன, பிள்ளைகளின் உயரம் அளந்த கோடுகள். பக்கத்தில் தமிழ் எண்ணில் வருடம். நாங்கள் பார்த்தோம், சந்தோஷப்பட்டோம், அடுத்த தடவை நல்ல கேமராவோடு வரலாம் என்று திரும்பினோம். அடுத்த தடவை போனபோது பொங்கலுக்காகக் கதவுக்கும் நிலைக்கும் பச்சை எனாமல் அடித்திருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, வீட்டை அழகாக வைத்திருக்க நினைத்தார்கள், அவ்வளவுதான். கையில் இருந்த போனிலேயே அன்று எடுத்திருக்கலாம். எனாமலுக்கு அடியில் கோடுகள் இன்னும் இருக்கின்றனவா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்கக் காத்திருக்கிறோம்.

எனவே முதல் நாளே எடுங்கள். ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், தரை, மேல்தளம். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரிய வேண்டும். அப்புறம் கதவு, தாழ்ப்பாள், மாடம், உறி தொங்கிய வளையம், அம்மி போட்ட இடம், சுவரில் அடித்த ஆணி என்று ஒன்றுவிடாமல். பக்கத்து நகரத்தில் கட்டடக்கலைக் கல்லூரி இருந்தால் மாணவர்களைக் கேளுங்கள். தரைப்படமும் குறுக்குவெட்டுப் படமும் அவர்களுக்குப் பாடமாகவே அமையும். மரபுக் கட்டடங்களைக் காக்க 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு, அவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

சுவரின் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? யார் கையும் படாத மூலை ஒன்றைத் தேர்ந்து, கூர்மையான பிளேடால் ஓர் அங்குலச் சதுரத்தில் மேல்பூச்சைச் சுரண்டுங்கள். அடியில் இன்னொரு நிறம் தெரியும். அதில் ஒரு மெல்லிய ஓரத்தை விட்டுவிட்டு அடுத்ததைச் சுரண்டுங்கள். இப்படிப் படிக்கட்டு மாதிரி காரைவரை போகலாம். எங்களுக்கு மேலே டிஸ்டெம்பர் ரோஸ், அதற்கடியில் நான்கு வெள்ளை, அதற்கும் அடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு வந்தது. தன் கதை ஒன்றில் அவர் நீலச் சுவர் என்று எழுதியதைக் கற்பனை என்றே அதுவரை நினைத்திருந்தோம்.

முதியவர்களிடம் பேசி ஒலிப்பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டை மாற்ற அடுத்த வருடம் ஓடு கிடைக்கும்.

7. எந்த வருடத்து வீடு?

வீடு ஒரே நாளில் கட்டியது அல்ல. எழுத்தாளர் ஐந்து வயதில் பார்த்த வீட்டுக்குக் கூரை வேறாக இருந்திருக்கும். அவர் கல்லூரிக்குப் போனபின் மாடி வந்திருக்கும். அவர் தம்பி சமையலறைக்குச் சிமெண்டுத் தரை போட்டிருப்பார். எந்த நிலையில் காட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். அதற்காகப் பின்னால் வந்ததையெல்லாம் பெயர்த்து எறிய வேண்டும் என்று அர்த்தமில்லை. எறிந்தால் அதுவும் ஒரு வரலாற்றை எறிவதுதான். வீட்டுக்கு ஊறு செய்கிறதா, இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். ஊறு செய்யாததை விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ரெட் கிளவுட் என்ற சின்ன ஊரில் நாவலாசிரியர் வில்லா கேதர் வளர்ந்த வீடு இருக்கிறது. 1884இல் அவர் குடும்பம் அதில் குடியேறியது. மொட்டைப் பரணில் ஒரு சின்ன அறையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட அந்தப் பெண், மருந்துக்கடையில் வேலை பார்த்த கூலிக்குப் பதில் ரோஜாப்பூப் போட்ட சுவர்க்காகிதம் வாங்கித் தானே ஒட்டினாள். அந்தக் காகிதம் இன்றும் அந்தச் சுவரில் இருக்கிறது. மங்கி, கறை படிந்து, ஓரம் கிழிந்து. அதே மாதிரி புதிதாக அச்சடித்து ஒட்டியிருந்தால் அறை பளிச்சென்று இருந்திருக்கும். யாரும் அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.

8. பழுதுபார்ப்பு: சிமெண்டைத் தள்ளி வையுங்கள்

பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். இரண்டே வருடத்தில் சிமெண்டுப் பூச்சு ஒரு தகடாகக் கழன்று விழும், விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். உங்கள் ஒப்பந்ததாரர் ‘கொஞ்சூண்டு சிமெண்டு கலந்தால் சீக்கிரம் இறுகும்’ என்பார். அவர் சொல்வது உண்மை. சீக்கிரம் இறுகுவதுதான் நமக்கு வேண்டாதது.

சுண்ணாம்புக் காரைக்கு நாள் வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் வையுங்கள். கடுக்காயை உடைத்து, வெல்லத்தோடு ஊறவைத்து, ஒரு வாரம் பத்து நாள் புளிக்க விட்டு வடிகட்டிய நீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல். சரியான அளவைப் பழைய காரையில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்து முடிவு செய்யுங்கள். ஒரே தடவையில் கனமாகப் பூசாமல், மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் மெதுவாகக் காய ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும். முதலில் பின்சுவரில் மூன்றடிக்கு மூன்றடி செய்து பார்த்து, ஒரு மழைக்காலம் போகட்டும். அதுவே உங்களுக்கு நிபுணர் அறிக்கை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவது பெரிய வேலை. கோயில் திருப்பணியில், செட்டிநாட்டு வீடுகளில் வேலை செய்தவர்களை விசாரியுங்கள். வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசாதீர்கள். நாள் கூலிக்குப் பேசுங்கள். சதுர அடிக் கணக்கில் வேகம் உள்ளவருக்கே லாபம்.

மெட்ராஸ் டெரஸைப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தால் அதன் முறை தெரிந்தவர் வேண்டும்: தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி, கடைசியில் தட்டோடு பதிக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடச் சொல்வார்கள். பழைய சுவர் அந்தப் பாரத்துக்குக் கட்டியது அல்ல. மரத்தில் கெட்ட நுனியை மட்டும் வெட்டி, அதே மரத்தில் துண்டு ஒட்டுப்போட்டு இணைக்கலாம், முழுக் கட்டையை மாற்ற வேண்டியதில்லை. புதிதாகச் சேர்த்த துண்டில் வருடத்தைச் செதுக்கி வையுங்கள். பின்னால் வருகிறவருக்கு எது பழையது, எது நாம் சேர்த்தது என்று தெரிய வேண்டும். இடிந்த பக்கத்து வீட்டில் பழைய நாட்டு ஓடு கிடைத்தால் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்காது.

9. உள்ளே என்ன வைப்பது?

அவர் பயன்படுத்திய மேசை இல்லை என்றால் இல்லை. பழைய சாமான் கடையில் ஒரு மேசை வாங்கிப் போட்டு ‘எழுத்தாளர் எழுதிய மேசை’ என்று எழுதாதீர்கள். ‘அந்தக் காலத்து மேசை’ என்று எழுதினால் போதும், பார்ப்பவருக்கு மரியாதை கொடுத்ததாகும். வெற்று அறையும் பேசும். இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊருணி தெரியும், இன்ன கதையின் முதல் பத்தியில் வருவது அதுதான் என்று ஒரு வரி எழுதி ஜன்னல் பக்கத்தில் வையுங்கள். ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

கையெழுத்துப் பிரதி, கடிதம், பதக்கம் ஆகியவற்றின் மூலத்தை வீட்டில் வைக்க வேண்டாம். குப்பளி கவிமனையிலேயே 2015 நவம்பரில் திருடர்கள் புகுந்து, குவெம்புவின் பத்ம விருதுப் பதக்கங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் நகல் போதும். மூலத்தைத் தட்பவெப்பம் சீராக இருக்கும் ஆவணக் காப்பகத்தில் வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் மின்படியாக்கம் பற்றி வழி சொல்வார்கள். சுவரில் அவருடைய எழுத்தை நீளமாகப் போட உரிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: நாட்டுடைமை ஆக்கப்பட்டிருந்தால் தடையில்லை, இல்லாவிட்டால் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை வாரிசுகளின் அனுமதி வேண்டும்.

10. திறந்த பிறகு

கழிப்பறையை வீட்டுக்குள் கட்டாதீர்கள். மனையின் ஓரத்தில் தனியாக, சுவரைத் தொடாமல் கட்டுங்கள். ஒரே நேரத்தில் மாடிக்கு எத்தனை பேர் போகலாம் என்று பொறியாளரிடம் கேட்டு எழுதி மாட்டுங்கள். ஊர்ப் பெண் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் வீடு தினமும் திறக்கும், கூட்டப்படும், விளக்கு எரியும். பூட்டிக் கிடக்கிற வீடுதான் சீக்கிரம் விழுகிறது. வாரம் ஒரு மாலை பிள்ளைகளுக்கு வாசிப்பு வைத்தால் ஊர் அதைத் தன் வீடாக நினைக்கும்.

வீடு ஏற்கெனவே போய்விட்டதா? அமெரிக்காவில் மன்ரோவில்லில் நாவலாசிரியர் ஹார்ப்பர் லீ வளர்ந்த வீடு இருந்த இடத்தில் இன்று ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. திருவல்லிக்கேணியில் உ.வே.சா. வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012இல் இடிக்கப்பட்டது. அப்படியான இடங்களில் வீட்டைப் புதிதாகப் போலி செய்ய வேண்டாம். தெருவில் ஒரு கல், அதில் ஒரு தரைப்படம், எந்த இடத்தில் முற்றம் இருந்தது என்ற குறிப்பு. இடிக்கும்போது தெரியவந்தால் நிலை, கதவு, தூண் ஆகியவற்றை விலைக்குக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆடியில் ஓடு பார்த்தது, புரட்டாசி முடிவதற்குள் தூம்பு சுத்தம் செய்தது, மார்கழியில் எங்கே ஈரம் தெரிந்தது, மாசியில் கரையான் மருந்து வைத்தது, பார்த்தவர் பெயர், தேதி. எங்கள் நோட்டில் சென்ற ஐப்பசியில் ஆச்சி எழுதச் சொன்னது இது: ‘12ஆம் தேதி ராத்திரி நல்ல மழை. நடுவீட்டில் சொட்டு இல்லை. அடுக்களை வடமூலையில் ஒரு ஈயப் பாத்திரம் வைத்தோம்.’ வடமூலைக்கு இந்த வாரம் ஆள் வருகிறார்.